பந்தல்குடி தாண்டாத லாரி

கல்லூரியில் தாலாட்டுப் பாடத்தை வருஷா வருஷம் நான்தான் எடுப்பேன். கரும்பலகையின் நடுவே ஒரு கோடு கிழித்து, இடப்பக்கம் 'வடிவம்' என்றும் வலப்பக்கம் 'உணர்வு' என்றும் எழுதுவேன். வடிவத்தின் கீழே எதுகை, மோனை, திரும்பத் திரும்ப வரும் அடி. உணர்வின் கீழே அன்பு, ஏக்கம், பெருமை. பிள்ளைகள் அப்படியே எழுதிக்கொள்வார்கள், பரீட்சையிலும் அப்படியே திருப்பித் தந்துவிடுவார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற வகுப்பு அது. அருப்புக்கோட்டை வெயில் ஜன்னலில் நிற்கும், மின்விசிறி கறக்கறக்கென்று சுற்றும், பாதி வகுப்பு சொக்கிப்போயிருக்கும். நான் அதட்டியதில்லை. பாட்டு தன் வேலையைச் செய்கிறது என்று விட்டுவிடுவேன்.

இப்போது அந்தக் கோட்டை நான் கிழிப்பதில்லை. அதற்குக் காரணம் என் மனைவி கட்டிய ஒரு பாட்டு.

அவளுக்குச் சொந்த ஊர் பரளச்சிப் பக்கம். மகள் பிறந்து இரண்டு மூன்று மாதம் இருக்கும்போது, விட்டத்தில் தன் பழைய சேலையில் தொட்டில் கட்டி, ஆட்டிக்கொண்டே அவளாகப் பாட ஆரம்பித்தாள். யாரிடமும் கேட்ட பாட்டில்லை. 'ஆராரோ' என்று தொடங்கியதைத் தவிர மற்றதெல்லாம் அவள் சொந்தச் சரக்கு. முதல் நாள் அறைக்கு வெளியே விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவன், சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டேன்.

உப்பளத்துக் கரையோரம் ஒத்தையில லோடு ஏத்தி
எங்கண்ணன் வாராக எட்டையபொரம் தாண்டி வாராக
எட்டையபொரம் தாண்டி வந்தா என்ன தெரியும் கண்மணியே
கரிசமண்ணு தெரியுமடி கருவேலங்காடு தெரியுமடி

தாலாட்டில் தாய்மாமன் வருவது புதிதல்ல. பாட்டில் வருகிற மாமன்மார் குதிரையில் வருவார்கள், பல்லக்கில் வருவார்கள், கை நிறையப் பொன் கொண்டு வருவார்கள். இந்த மாமன் லாரியில் வந்தார். லாரியில் இருந்தது உப்பு. ஏனென்றால் அவள் அண்ணன் நிஜமாகவே லாரி ஓட்டுகிறவர். போகும்போது மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு தூத்துக்குடி போவார், வரும்போது உப்பு ஏற்றி வருவார். சிறு வயதிலேயே அப்பா அம்மா இருவரும் போய்விட, தங்கையை வளர்த்து, படிக்கவைத்து, எனக்குக் கட்டிக்கொடுத்தவர் அவர்தான். தனக்கென்று ஒரு கல்யாணம் காட்சி என்று பேச்செடுத்தால், "பாப்போம் மாப்ள" என்று சிரித்துவிட்டு டயரை மிதித்துப் பார்க்கப் போய்விடுவார்.

இரண்டாவது கண்ணி இப்படி இருந்தது:

கருவேலங் காடு தாண்டி காத்தாட வாராக
பந்தக்குடி கடையோரம் பால் டீ குடிச்சு வாராக
பால் டீயும் ஆறுமுன்னே பறந்தடிச்சு வாராக
பச்சக்கிளி கண்ணு மூட பைய பைய வாராக

மூன்றாவதில் லாரி அருப்புக்கோட்டை எல்லைக்கு வந்துவிடும். குழந்தை தூங்குகிற நேரம் என்று ஹாரன்கூட அடிக்க மாட்டார்:

ஆரன் அடிக்காம அருப்புக்கோட்ட வாராக
தெருமொனைக்கு வாராக தேரு போல வாராக

அவ்வளவுதான் பாட்டு. தெருமுனையோடு நின்றுவிடும். மகள் தூங்கவில்லையென்றால் மறுபடியும் உப்பளத்திலிருந்து கிளம்பும்.

தொழில் புத்தி யாரை விட்டது? நான் அதை அக்கக்காகப் பிரித்துப் பார்த்தேன். முதல் கண்ணி முடிகிற காட்டிலிருந்தே இரண்டாவது கண்ணி கிளம்புகிறது. தொட்டில் ஒரு பக்கம் போய்த் தொட்ட இடத்திலிருந்துதானே மறுபக்கம் திரும்புகிறது, அந்தக் கணக்கு. 'பறந்தடிச்சு' என்கிற இடத்தில் அவள் கை சற்று வேகமாக ஆட்டும், 'பைய பைய' வரும்போது தானாகத் தணியும். லாரி வீட்டை நெருங்க நெருங்க வேகம் குறையும், மகளின் இமையும் அதோடு சேர்ந்து இறங்கும். அறைக்குள் நிழலும் வேப்பங்காற்றும் இருந்தன. எனக்கே கண்ணைச் சுழற்றிக்கொண்டு வரும். வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள் தெரியும். அவற்றின் நடுவே நீல நிற லாரி ஒன்று சத்தமே இல்லாமல் ஊர்ந்து வரும். எத்தனையோ மத்தியானங்கள் நான் விடைத்தாள் மேலேயே தலை சாய்த்துத் தூங்கியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தலாக இருந்தது. ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"இத்தன ஊரு வருது. டீக்கட கூட வருது. பெத்த அப்பன் ஒரு எடத்துலயும் வரலையே?"

தொட்டிலை நிறுத்தாமலே சொன்னாள். "நீங்கதான் வீட்டுலயே இருக்கீகளே. கண்ணு முன்னால இருக்குற ஆள யாராச்சும் பாட்டுல கூப்பிடுவாகளா?"

அடுத்த வருஷம் வகுப்பில் இதைச் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மகளுக்கு ஒரு வயது நெருங்கியது. ஆவணியில் காதுகுத்து வைக்கலாம் என்று பேசியிருந்தோம். மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்தவேண்டும். மச்சான் அதற்கென்று பட்டுவேட்டி எடுத்து வைத்திருப்பதாகவும், யாரிடமும் சொல்லவேண்டாம் என்று கடைக்காரரிடம் சொன்னதாகவும், அந்தக் கடைக்காரரே எங்களிடம் சொன்னார்.

கோடை விடுமுறை தொடங்கிய வாரம் அது நடந்தது. உப்பு லோடோடு வந்தவர் பந்தல்குடியில் வண்டியை ஓரம் கட்டி, வழக்கமான கடையில் டீ குடித்திருக்கிறார். தார்ப்பாய்க் கயிறு தளர்ந்திருக்கிறது என்று வண்டியின் பின்பக்கம் போய் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்த வண்டி ஒன்று இடித்துவிட்டது. தொடை எலும்பு நொறுங்கி, வயிற்றுக்குள்ளும் அடி. மதுரைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். செய்தி வந்தபோது என் மனைவி மகளுக்குப் பருப்புச்சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். கையைக் கழுவாமலே பஸ் ஏறிவிட்டாள். அவருக்கு வேறு யாரும் இல்லை, அவள்தான் போகவேண்டும். மகளை அந்த இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகமுடியாது. அதனால் நானும் மகளும் வீட்டில் மிஞ்சினோம்.

சோறு ஊட்டுவது, குளிப்பாட்டுவது எல்லாம் எப்படியோ சமாளித்தேன். தூக்கம்தான் பெரிய பாடாக இருந்தது. போனில் ஏதேதோ தாலாட்டுப் போட்டுக் காட்டினேன். அவள் போனைப் பிடுங்கி வாயில் வைத்தாள். தோளில் போட்டுத் தட்டினேன், என் சட்டைப் பித்தானோடு விளையாடினாள். கடைசியில் வேறு வழியில்லாமல் தொட்டிலில் போட்டு, அவள் அம்மாவின் பாட்டையே எடுத்தேன்.

ஆண்பிள்ளை தாலாட்டுப் பாடுவது எங்கள் தெருவில் அதுவரை நடக்காத சங்கதி. எதிர்வீட்டு மதினி குழம்பு கொடுக்க வந்தவர் வாசலிலேயே நின்று கேட்டிருக்கிறார்.

"என்ன கொழுந்தனாரே, 'எங்கண்ணன் வாராக'ன்னு பாடுறீக? ஒங்க அண்ணன்னா பாப்பாவுக்குப் பெரியப்பால்ல ஆகுது? மாமன எங்க எறக்கி விட்டீக?"

அன்றைக்கு இருந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. 'எம்மச்சான்' என்று மாற்றிக்கொண்டேன். யாப்பிலக்கணம் நடத்துகிறவனுக்கு அதில் ஒரு சின்னத் திருப்தி. எங்கண்ணன், எம்மச்சான் இரண்டுமே தேமாங்காய்ச் சீர். பாட்டு ஒரு இடத்திலும் இடறவில்லை.

இடறியது வேறு இடத்தில்.

உப்பளத்தில் லோடு ஏற்றினேன். எட்டையபுரம் தாண்டினேன். கரிசல்மண் தெரிந்தது, கருவேலங்காடு தெரிந்தது. அடுத்த அடி பந்தல்குடி. வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. அந்தக் கடையும், டீ டம்ளரும், வண்டியின் பின்னால் கயிற்றைப் பிடித்தபடி நிற்கிற மனிதரும் கண்ணுக்கு நேரே வந்து நின்றார்கள். மறுபடியும் கருவேலங்காட்டுக்கே திரும்பினேன். அதையே நாலு தரம் பாடினேன். பந்தல்குடியை விட்டுவிட்டு நேரே அருப்புக்கோட்டைக்குத் தாவிப் பார்த்தேன். மகள் கண்ணைத் திறந்து என்னையே பார்த்தாள். 'பறந்தடிச்சு' வரவில்லை, அதன்பின் 'பைய பைய'வும் வரவில்லை. அவள் எங்கே இமையை இறக்குவாள்? எங்கள் வீட்டில் தூக்கத்துக்குப் போகிற ரோடே பந்தல்குடி வழியாகத்தான் போட்டிருந்தது.

அந்த வாரம் முழுக்க இதே கதை. என் பாட்டில் கருவேலங்காடு ராமநாதபுரம் வரைக்கும் வளர்ந்துவிட்டது. மகள் அழுது அழுது களைத்துத்தான் தூங்கினாள். நான் அவள் தொட்டிலுக்குக் கீழேயே பாயைப் போட்டுக் கிடந்தேன். அரைத்தூக்கத்தில் அந்தக் காடு விடாமல் வந்துகொண்டே இருக்கும். மஞ்சள் பூக்கள் பறந்து வந்து லாரிக் கண்ணாடியில் விழும். வண்டி ஓடும், ஆனால் எந்த ஊரும் வராது. ஓட்டுகிறவரின் முதுகு மட்டும் தெரியும். மச்சான் என்று கூப்பிட நினைப்பேன், கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துவிடுவாரோ என்று பயந்து சும்மா இருப்பேன். விழிக்கும்போது வேர்த்து நனைந்திருப்பேன்.

ஒரு மத்தியானம், எப்படியாவது அந்த அடியைத் தாண்டிவிடுவது என்று முடிவு செய்தேன். மெதுவாகப் பாடினால் முடியும் என்று தோன்றியது. ஒவ்வொரு சொல்லாக இழுத்தேன். 'வாராக' என்பதை நீட்டி, நீட்டி, கடைசியில் குரல் கம்மி, ஒரு விம்மலோடு நிறுத்தி, மறுபடி எடுத்தேன். 'எம்மச்சான்...' என்று ஆரம்பித்ததும் குரல் உடைந்தது. அப்படியே பாடினேன்.

வாசலில் தடதடவென்று சத்தம் கேட்டது. எதிர்வீட்டு மதினியும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் ஓடி வந்தார்கள். மதினி வாயில் கையை வைத்திருந்தார். ஒருத்தி வருகிற வேகத்திலேயே கொண்டையை அவிழ்த்துவிட்டிருந்தாள்.

"எப்பய்யா? எப்ப ஆச்சு?" என்றார் மதினி.

"என்ன எப்ப?"

"அவுக... ஒங்க மச்சான்..."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. "ஒண்ணும் ஆகல மதினி. பாப்பாவத் தூங்கவைக்கப் பாடிக்கிட்டு இருக்கேன்."

மூன்று பேரும் தொட்டிலைப் பார்த்தார்கள். மகள் சேலையை விலக்கி எட்டிப் பார்த்து, வந்தவர்களிடம் சிரித்தாள். மதினிக்கு வந்த கோபம் இருக்கிறதே!

"தூங்கவைக்கிற லெச்சணமாய்யா இது? எழவு வீட்டுல கூட இப்புடி இழுக்க மாட்டாக. அடுப்புல பால வச்சிட்டு ஓடியாந்தேன், பொங்கி ஊத்தியிருக்கும். வாயக் கழுவுங்க மொதல்ல!"

போகும்போது கொண்டை அவிழ்த்தவள் அதை முடிந்துகொண்டே, சிரிப்பை அடக்க முடியாமல் போனாள். நான் சிரிக்கவில்லை. தாலாட்டும் ஒப்பாரியும் ஒரே மெட்டின் இரண்டு கரைகள் என்று வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். எந்த இடத்தில் ஒன்று மற்றதாக மாறும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. உயிரோடு கிடக்கிற மனிதருக்கு நான் ஒப்பாரி பாடிவிட்டேன் என்கிற பயம் பிடித்துக்கொண்டது. படித்தவன், பகுத்தறிவு பேசுகிறவன், ஓடிப்போய் நிஜமாகவே வாயைக் கழுவினேன். பிறகு மனைவிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. மகள் தொட்டிலுக்குள் காலை உதைத்துக்கொண்டிருந்தாள். நான் போனையே பார்த்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். ஒருவழியாக அவளே கூப்பிட்டாள்.

"டாக்டர் கூப்பிட்டாரு, அதான் எடுக்கல. ரெண்டாவது ஆபரேசன் முடிஞ்சிருச்சு. நாளைக்கு வார்டுக்கு மாத்துறாகளாம். நீங்க ஏன் மூச்சு வாங்குறீக?"

"ஒண்ணுமில்ல. வெயிலு," என்றேன்.

அன்றைக்குத்தான் அந்தப் பாட்டின் கட்டுமானம் எனக்குப் பிடிபட்டது. மாமன் தெருமுனையோடு ஏன் நின்றுவிடுகிறார், வீட்டுக்குள் ஏன் வருவதே இல்லை என்று நான் முன்பு யோசித்திருந்தேன். வந்துவிட்டால் பாட்டு முடிந்துவிடும், அதற்காக வைத்த உத்தி என்று நினைத்திருந்தேன். அது மட்டுமில்லை. ஒப்பாரியில் எல்லாரும் வந்துபோனவர்கள், இருந்துபோனவர்கள். தாலாட்டில் எல்லாரும் வந்துகொண்டே இருக்கிறார்கள். வந்துகொண்டிருக்கிற ஆளுக்கு ஒன்றும் ஆவதில்லை. அப்படியென்றால் வண்டியை நடுக்காட்டில் நிறுத்தி வைத்தவன் நான்தான். ஓட்டவேண்டியவனும் நான்தான். புரிந்துவிட்டது, ஆனால் தைரியம் மட்டும் வரவில்லை. அடுத்த நாளும் கருவேலங்காட்டையே சுற்றி வந்தேன்.

வார்டுக்கு மாற்றிய பிறகு ஒரு மத்தியானம் மனைவி கூப்பிட்டாள். குரல் கரகரத்திருந்தது.

"அண்ணன் தூங்கவே மாட்டேங்கிறாக. ஊசி போட்டுப் பாத்துட்டாக. கண்ண மூடுனா பின்னால வண்டி வாற சத்தம் கேக்குதாம். தூங்குனாத்தான் ஒடம்பு தேறும்னு டாக்டர் சத்தம் போடுறாரு."

"நீ பாடேன்."

"எனக்கு வாய் வரமாட்டேங்குதுங்க. ரெண்டு தடவ ஆரம்பிச்சேன், அழுகதான் வருது. நீங்க பாப்பாவுக்குப் பாடுவீகள்ல, அதக் கேக்கட்டும். போன அவுக காதுல வைக்கிறேன்."

நான் போனைத் தொட்டிலின் பக்கத்தில் முக்காலியில் வைத்தேன். மகளைக் கிடத்தினேன். ஜன்னலுக்கு வெளியே வேம்பு ஆடாமல் நின்றது. அந்தப் பக்கம் ஆஸ்பத்திரிச் சத்தம் கேட்டது, ஏதோ தள்ளுவண்டி போனது, யாரோ இருமினார்கள். நான் உப்பளத்தில் லோடு ஏற்றினேன். எட்டையபுரம் தாண்டினேன். கரிசல் வந்தது, காடு வந்தது. அங்கேயே சுற்றினேன். மறுபடி காடு. மறுபடியும் காடு.

போனில் மூச்சுச் சத்தம் மாறியது.

"மாப்ள."

அடிபட்ட பிறகு நான் அந்தக் குரலைக் கேட்பது அதுதான் முதல்முறை. தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி இருந்தது.

"என்ன மச்சான்?"

"வண்டி ஏன் காட்டுக்குள்ளயே நிக்குது? பந்தக்குடி தாண்டலையா?"

ஆட்டிக்கொண்டிருந்த தொட்டிலை நிறுத்தினேன்.

"தாண்டுங்க மாப்ள. டீ குடிச்சிட்டுப் போவோம்."

நான் தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாடினேன். பந்தல்குடிக் கடையோரம் வண்டியை நிறுத்தினேன். பால் டீ வாங்கிக் குடித்தோம். டீ ஆறுவதற்கு முன்பே கிளப்பினேன், பறந்தடித்துக்கொண்டு போனேன், கை வேகமாகவே ஆட்டியது. பிறகு பைய, பைய. கடைகள் பின்னால் போயின, பருத்திக் காடுகள் போயின, வெயிலில் ரோடு பளபளவென்று கிடந்தது. ஹாரன் அடிக்கவில்லை. தெருமுனைக்கு வந்தேன். தேர் போல வந்தேன். வீட்டுக்குள் கூட்டி வந்துவிட ஆசையாகத்தான் இருந்தது. ஆனாலும் அங்கேயே, வந்துகொண்டிருக்கிறபடியே விட்டேன்.

பிறகு மனைவி ரகசியம் மாதிரிச் சொன்னாள். "தூங்கிட்டாக."

"நெசமாவா?"

"வாய லேசாத் தொறந்துக்கிட்டு. பாப்பா?"

நான் தொட்டிலுக்குள் பார்த்தேன். "அவ டீக்கடையிலயே தூங்கிட்டா. அங்கருந்து ஒங்க அண்ணனுக்காகத்தான் ஓட்டுனேன்."

அவள் சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் அவளிடம் ஒரே சத்தம்தான்.

ஆவணியில் வைத்திருந்த காதுகுத்து தை மாதத்துக்குத் தள்ளிப்போனது. பரளச்சிக்கு வெளியே காட்டுக்குள் இருக்கிற அவர்களின் குலசாமி கோவிலில் வைத்தோம். மழைக்குப் பிறகு கரிசலில் கொத்தமல்லிச் செடி முழங்கால் உயரம் நின்றது. மச்சான் கோல் ஊன்றி வந்தார், அந்தப் பட்டுவேட்டியைக் கட்டியிருந்தார். ஒரு கால் மடங்காது. பிளாஸ்டிக் நாற்காலியில் அந்தக் காலை நீட்டி உட்கார்ந்து, நல்ல காலின் மேல் மகளை வைத்துக்கொண்டார். ஒரு தொடை அளவுதான் மடி. எதிர்வீட்டு மதினி, குழந்தை சரிந்துவிடாமல் முதுகுக்குக் கை கொடுத்துக்கொண்டு நின்றார்.

ஆசாரி ஊசியை வைத்தார். மகள் கோவிலே அதிர அலறினாள். மிட்டாய், வாழைப்பழம், கிலுகிலுப்பை எதற்கும் மசியவில்லை. மச்சான் அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அழாத தாயி. இந்தா பாரு. மாமன் பந்தக்குடி தாண்டி வந்துட்டேன்ல? வந்துட்டேன் தாயி."

அந்தப் பாட்டில் எந்தக் கண்ணியிலும் இல்லாத சொல் அது. மகள் அதை லட்சியம் பண்ணாமல் மற்ற காதுக்கும் சேர்த்து அழுதாள். தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற என் மனைவி அவளைவிடச் சத்தமாக அழுதாள்.